டொமினிக்கா: சமநிலம் இல்லாத தீவு

கரீபியக் கடலின் கிழக்கு விளிம்பில், வடக்கே குவாதலூப், தெற்கே மார்த்தினிக் என்ற இரண்டு பிரெஞ்சுத் தீவுகளுக்கு நடுவில் இருக்கிறது டொமினிக்கா. ஸ்பானிய மொழி பேசும் டொமினிக்கன் குடியரசு வேறு நாடு. இந்தத் தீவின் நீளம் சுமார் 47 கிலோமீட்டர், அகலம் 26 கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 70,000. இவ்வளவு சிறிய பரப்பில் மோர்ன் தியாப்லோத்தின் சிகரம் 1,447 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே போவதற்குள் நிலம் செங்குத்தாகிவிடுகிறது. தலைநகர் ரோசோ தென்மேற்குக் கரையில் இருக்க, முதன்மை விமான ஓடுதளத்துக்கு வேண்டிய தட்டையான இடம் தீவின் எதிர்மூலையான வடகிழக்கில்தான் கிடைத்தது.

பார்படோஸ், ஆண்டிகுவா போன்ற அண்டைத் தீவுகளைக் கரும்பு முழுதாக விழுங்கியது. அங்கே காடுகள் அழிந்தன, நிலமெல்லாம் சில பண்ணை முதலாளிகளின் கைக்குப் போயிற்று. டொமினிக்காவில் கரும்புக்கு ஏற்ற சமநிலம் போதவில்லை. இந்தத் தீவின் காடு, அதன் பூர்வகுடிகள், அதன் பேச்சு, அதன் சிறு விவசாயிகள் எல்லாம் இன்றுவரை நீடிப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், முதற்காரணம் அந்தச் சரிவுகள்தான்.

சரிவுகளை உண்டாக்கியவை எரிமலைகள். அட்லாண்டிக் கடலடிப் புவித்தட்டு கரீபியத் தட்டுக்குக் கீழே மெல்லச் செருகிக்கொண்டு போகிறது. கீழே போகும் தட்டு வெளியிடும் நீரால் உருகிய பாறை மேலெழுந்து சிற்றண்டிலிஸ் தீவு வரிசையைக் கட்டியது. வரிசையிலுள்ள எரிமலைத் தீவுகள் பலவற்றில் உயிருள்ள எரிமலை ஒன்றுதான் இருக்கும். டொமினிக்காவில் மீண்டும் வெடிக்கக்கூடியவை என்று கருதப்படுபவை ஒன்பது. கடற்கரை மணலில் பெரும்பகுதி கறுப்பாக இருப்பதும், ஊர்களுக்குப் பக்கத்திலேயே வெந்நீரூற்றுகளும் கந்தக நாற்றமும் இருப்பதும் இதனால்தான்.

இந்த வெப்பம் வெளியே தெரியும் இடங்களில் கொதிக்கும் ஏரிக்கு ஈடு இல்லை. மோர்ன் த்ருவா பித்தோன் தேசியப் பூங்காவுக்குள், லோதா என்ற மலைக்கிராமத்திலிருந்து மூன்று மணி நேர நடையில் அது இருக்கிறது. வழி முதலில் ஈரக்காட்டுக்குள் போகிறது. பிறகு மரமே இல்லாமல், மஞ்சளும் சாம்பலும் துருநிறமும் படிந்த ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறது. கால்வைக்கும் பாறையிடுக்கில் ஆவி சீறும். ஓடையில் ஓடும் தண்ணீர் ஓரிடத்தில் பால்வெள்ளையாகவும் இன்னோரிடத்தில் கறுப்பாகவும் இருக்கும். 1880இல் இந்தப் பள்ளத்தாக்கில் நீராவி வெடித்தபோது சாம்பல் ரோசோ வரை வந்து விழுந்தது. பள்ளத்தாக்கைத் தாண்டி ஏறினால் சுமார் 60 மீட்டர் அகலமுள்ள ஏரி. கரையோர நீரின் வெப்பமே 82 முதல் 92 டிகிரி செல்சியஸ் வரை. நடுவில் சாம்பல்நீல நீர் குமுறிக்கொண்டிருப்பதால் அங்கே யாரும் அளக்க முடியவில்லை.

அது உண்மையில் மழைநீர் நிரம்பிய ஓர் ஆவித்துளை. சுற்றியுள்ள மலைகளின் தண்ணீர் ஒரு பள்ளத்தில் சேர்கிறது. அடியிலிருந்து ஓயாமல் வரும் நீராவியும் வாயுக்களும் அதைக் கொதிக்க வைக்கின்றன. தண்ணீர் கீழே வடிந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பதும் அதே அழுத்தம்தான். அழுத்தம் தளர்ந்தால் ஏரி வடிந்துவிடும். 2004 டிசம்பரில் அப்படித்தான் நீர்மட்டம் சடாரென்று இறங்கியது. சில மாதங்களில் மறுபடி நிறைந்து கொதிக்கத் தொடங்கியது. 1975இல் அமைந்த இந்தப் பூங்காவை யுனெஸ்கோ 1997இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

அட்லாண்டிக் காற்று ஈரத்தோடு வந்து மலையில் மோதுவதால் தீவின் நடுப்பகுதியில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும். மலைக்கு மறுபக்கத்தில் இருக்கும் ரோசோவில் அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஆறு, மொத்தம் 365 என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். ரோசோவுக்கு மேலேயுள்ள த்ரபால்கர் அருவிப் பகுதியில் 1950களிலிருந்து நீர்மின்சாரம் எடுக்கிறார்கள்.

தீவின் பாதிக்கு மேல் இன்றும் காடு. கொம்மியே என்ற பெருமரம் அங்கே கூரைபோலக் கவிந்து நிற்கிறது. அந்தக் காட்டில் இரண்டு கிளியினங்கள் வாழ்கின்றன. சிசெரு, ஜாக்கோ என்ற இவ்விரண்டும் உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. மார்பில் ஊதாநிறம் கொண்ட சிசெருவே நாட்டின் தேசியப் பறவை. கொடியின் நடுவில் இருப்பதும் அதுதான். அமேசானிய வகைக் கிளிகளில் மிகப் பெரியதும் உலகிலேயே மிக அரிய கிளிகளில் ஒன்றும் இது.

இன்னொரு உயிரின் கதை வேதனையானது. ‘மலைக்கோழி’ என்று இங்கே பெயர் பெற்றது ஒரு தவளை. ஒரு கிலோ வரை எடை வரும், உலகின் பெரிய தவளைகளில் ஒன்று. தொடைக்கறி கோழிபோல இருப்பதால் அந்தப் பெயர். நெடுங்காலம் இதுவே தேசிய உணவு. தாய்த்தவளை மண்வளையில் நுரைக்கூடு கட்டி முட்டையிடும். தலைப்பிரட்டைகள் பொரிந்த பின் கருவுறாத முட்டைகளை அந்த நுரைக்குள் இட்டு அவற்றுக்கு ஊட்டும். ஆண் வாசலில் காவல் இருக்கும். 2002இல் உலகெங்கும் தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை இந்தத் தீவுக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளுக்குள் பெரும்பாலான மலைக்கோழிகள் மடிந்தன. டொமினிக்காவும் மொன்செராட்டும் தவிர இதற்கு வேறு வாழிடம் கிடையாது. சில ஆண்டுகளில் மொன்செராட்டையும் அதே நோய் பிடித்தது. வேட்டை தடை செய்யப்பட்டது. 2013இல் மலைக்கோழிக்குப் பதிலாகச் சேம்பிலைகளைக் கடைந்து செய்யும் கல்லலூ தேசிய உணவாயிற்று. உலகின் மிக வேகமான உயிரின வீழ்ச்சிகளில் ஒன்று ஒரு தலைமுறையின் கண்ணெதிரே, அவர்கள் சோற்றுத்தட்டிலேயே நடந்து முடிந்தது.

மலையின் சரிவு கரையோடு நிற்பதில்லை. மேற்குக் கரையை ஒட்டியே கடல் மிக ஆழமாக இறங்குகிறது. மலை காற்றை மறைப்பதால் நீர்ப்பரப்பு அமைதியாக இருக்கும். ஆழத்தில் கணவாய் தேடும் எண்ணெய்த் திமிங்கிலங்களுக்கு இது ஏற்ற இடம். கனடிய உயிரியலாளர் ஷேன் ஜீரோ 2005 முதல் இங்கே அவற்றைக் குடும்பம் குடும்பமாகப் பின்தொடர்ந்து ஆய்ந்துவருகிறார். பாட்டி, மகள், பேத்தி என்று தாய்வழியாகச் சேர்ந்து வாழும் இவை ‘டிக், டிக்’ என்ற சொடுக்கொலிகளை அடுக்கிப் பேசிக்கொள்கின்றன. ஒவ்வொரு குலத்துக்கும் தனி ஒலிமரபு உண்டு என்பதை நிலைநாட்டியதில் டொமினிக்காக் கடலில் நடந்த பதிவுகளுக்குப் பெரும்பங்கு உண்டு. 2023 நவம்பரில் ஏறத்தாழ 800 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை எண்ணெய்த் திமிங்கிலங்களுக்கான காப்பகமாக அரசு அறிவித்தது.

1493 நவம்பர் 3 ஞாயிற்றுக்கிழமை. தன் இரண்டாம் பயணத்தில் கொலம்பஸ் இந்தத் தீவைக் கண்டு, கிழமையின் பெயரையே அதற்கு வைத்துவிட்டுப் போனார். அங்கு வாழ்ந்தவர்களுக்கு அது வைத்துக்குபுலி, அதாவது ‘உயர்ந்த உடல் கொண்டவள்’. அவர்கள் கலினாகோ மக்கள். ஐரோப்பியர் அவர்களைக் கரீபுகள் என்று அழைத்ததிலிருந்துதான் கடலுக்கே கரீபியன் என்ற பெயர் வந்தது. மற்றத் தீவுகளில் போரும் நோயும் அவர்களைத் துடைத்தழித்தபோது எஞ்சியவர்கள் டொமினிக்காவிலும் செயின்ட் வின்சென்டிலும் ஒதுங்கினார்கள். 1660இல் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இவ்விரண்டு தீவுகளிலும் குடியேறுவதில்லை என்று கலினாகோக்களோடு உடன்பட்டனர். மலையில் மறைந்து தாக்கும் எதிரியை வெல்வது கடினம் என்பதை ஐரோப்பியர் அதற்குள் கற்றிருந்தார்கள்.

1640களில் இங்கு வந்து கலினாகோக்களிடையே தங்கிய பிரெஞ்சுத் துறவி ரேமோன் ப்ரெத்தோன் அவர்கள் மொழியைக் கற்று, 1665இல் ஓர் அகராதியை அச்சிட்டார். மதம் மாற்ற வந்தவர் அதில் பெரிதாக வெற்றி பெறவில்லை. ஆனால் அந்த மொழி தீவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு வழக்கொழிந்தபின், அதைப் பற்றி இன்று தெரிந்ததில் பெரும்பகுதி அவர் நூலிலிருந்தே வருகிறது. கலினாகோக்களின் வாழ்க்கை, உறவுமுறை, மீன்பிடிப்பு, படகு எல்லாம் அந்தச் சொற்பொருள்களுக்குள் பதிவாகியிருக்கின்றன.

1660 உடன்படிக்கை நெடுநாள் தாங்கவில்லை. 1674இல் நடந்ததைச் சொல்லவேண்டும். செயின்ட் கிட்ஸ் தீவின் ஆங்கிலேய ஆளுநராக இருந்த தாமஸ் வார்னருக்கு டொமினிக்காவின் கலினாகோப் பெண் ஒருத்தியிடம் பிறந்த மகன் ‘இந்தியன் வார்னர்’ என்று அறியப்பட்டான். தாயின் ஊருக்கே திரும்பி அங்கே தலைவனானான். அவன் தந்தைக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த சகோதரன் பிலிப் வார்னர் ஆங்கிலேயப் படையோடு வந்து அவனையும் அவன் ஊராரையும் கொன்றான். மேற்குக் கரையிலுள்ள அந்த ஊரின் பெயர் இன்றும் மசாக்கர், படுகொலை. 1890இல் ரோசோவில் பிறந்த ஜீன் ரீஸ் தன் ‘வைட் சர்காசோ ஸீ’ நாவலில், புதுமணத் தம்பதி மலைவீட்டுக்குப் போகும் வழியில் இந்தப் பெயருள்ள ஊரைக் கடக்கச் செய்திருக்கிறார். 1966இல் வந்த அந்த நாவலில் தீவின் பெயர் சொல்லப்படவில்லை. ஆனால் அதன் மழையும் பச்சையும் மூச்சுமுட்டும் மலையும் டொமினிக்காதான்.

மரம் வெட்டவும் காப்பி பயிரிடவும் பிரெஞ்சுக்காரர்கள் மார்த்தினிக்கிலிருந்தும் குவாதலூப்பிலிருந்தும் சிறு சிறு குழுக்களாக வந்து குடியேறினார்கள். அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்களையும் கொண்டுவந்தார்கள். 1763இல் பாரிஸ் உடன்படிக்கைப்படி தீவு பிரிட்டனுக்குப் போயிற்று. நிலம் முழுவதும் அளந்து துண்டு போட்டு ஏலம் விடப்பட்டது. கலினாகோக்களுக்கு மிஞ்சியது கிழக்குக் கரையில் சலிபியாவை ஒட்டி ஒரு சிறு துண்டு நிலம். 1778இல் பிரெஞ்சுப் படை பிடித்தது. 1783இல் மறுபடி பிரிட்டனுக்கு வந்தது. இடையில் 1782 ஏப்ரல் 12 அன்று, டொமினிக்காவுக்கும் குவாதலூப்புக்கும் நடுவிலுள்ள கடலில் ராட்னியின் பிரிட்டிஷ் கடற்படை டி கிராஸின் பிரெஞ்சுப் படையை முறியடித்தது. 1805இல் பிரெஞ்சுக்காரர் தாக்கியபோது ரோசோ நகரம் எரிந்தது. கொடி எதுவானாலும் மக்களின் பேச்சில் பிரெஞ்சு வேர்விட்டு நின்றது.

பண்ணைகளிலிருந்து தப்பிய அடிமைகளுக்கு மலை அடைக்கலம் கொடுத்தது. மரூன்கள் எனப்பட்ட அவர்கள் உள்காட்டில் ஊர் அமைத்து, கிழங்கு பயிரிட்டு, தலைவர்களின் கீழ்ப் பண்ணைகளைத் தாக்கினார்கள். பாலா என்ற தலைவர் 1786இலும், நாற்பதாண்டுக்கு மேல் காட்டில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஜாக்கோ 1814இலும் கொல்லப்பட்டனர். தீவின் வரலாற்றில் உண்மையான வீரர்கள் என்று யாரையாவது குறிக்கவேண்டும் என்றால் ராட்னியைவிட இவர்களுக்கே அந்த இடம் உரியது.

வடமேற்கே கபிரீத் முனையிலுள்ள ஷெர்லி கோட்டையில் 1802 ஏப்ரலில் நடந்த கலகத்தின் விளைவு தீவைத் தாண்டிப் போயிற்று. எட்டாம் மேற்கிந்தியப் படைப்பிரிவின் வீரர்கள் பிரிட்டிஷ் அரசு விலைக்கு வாங்கிய ஆப்பிரிக்கர்கள். கூலி கொடுக்காமல் சதுப்பு நிலம் வெட்டச் சொன்னபோது, தங்களைக் கரும்புப் பண்ணைக்கு விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு பரவியது. அவர்கள் அதிகாரிகளைக் கொன்று கோட்டையைக் கைப்பற்றினார்கள். சில நாட்களில் கலகம் அடக்கப்பட்டு, பலர் தூக்கிலிடப்பட்டனர். ஆனால் ஆயுதம் ஏந்தியவனை அடிமையாக வைத்திருப்பது ஆபத்து என்ற உண்மை லண்டனுக்கு உறைத்தது. 1807இல் பிரிட்டிஷ் படையிலிருந்த அடிமை வீரர்கள் எல்லாரும் சுதந்திரர் ஆக்கப்பட்டனர். அவர்கள் ஏறத்தாழ 10,000 பேர். காடு மூடிக்கிடந்த கோட்டையை 1980களிலிருந்து மீட்டெடுத்தவர் தீவின் வரலாற்றாசிரியர் லெனக்ஸ் ஹனிசர்ச்.

1834இல் அடிமைமுறை ஒழிந்தது. 1838இல் முழு விடுதலை. சுமார் 14,000 பேர் விடுதலை பெற்றனர். பார்படோஸில் விடுதலையானவனுக்குப் பண்ணை வேலையைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. இங்கே மலைச்சரிவில் யாரும் கேட்காத நிலம் கிடந்தது. சேப்பங்கிழங்கு, வள்ளிக்கிழங்கு, வாழை நட்டு, எஞ்சியதை ரோசோ சந்தையில் விற்றுச் சொந்தக்காலில் நிற்கும் குடியானவர் கூட்டம் ஒன்று உருவாயிற்று. ஒருவர் நிலம் திருத்தவும் வீடு கட்டவும் ஊரே கூடிக் கைகொடுக்கும் கூட்மென் வழக்கம் இன்றும் உண்டு. அதே 1838இல் சட்டசபைத் தேர்தலில் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் பெரும்பான்மை பெற்றனர். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கரீபியனில் இப்படி நடந்த ஒரே குடியேற்றம் டொமினிக்கா. வெள்ளைப் பண்ணையாளர்கள் அதைப் பொறுக்கவில்லை. 1865இல் சபையின் பாதி இடங்களை நியமன உறுப்பினர்களுக்கு ஒதுக்கவைத்தார்கள். 1896இல் தீவு நேரடி அரசாட்சிக்கு உட்பட்டு, சபை வலுவிழந்தது.

கலினாகோக்களின் நிலை 1903இல் ஓரளவு மாறியது. ஆட்சியாளர் ஹெஸ்கெத் பெல் 3,700 ஏக்கரை அவர்களுக்கென ஒதுக்கி, தலைவருக்குச் செங்கோலும் பட்டையும் கொடுத்தார். 1930இல் கடத்தல் சரக்கைத் தேடி வந்த போலீஸ் துப்பாக்கியால் சுட்டதில் கலினாகோக்கள் இருவர் இறந்தனர். ஊரார் எதிர்க்கவே போர்க்கப்பல் வந்தது. தலைவர் பதவி பறிக்கப்பட்டது. 1952இல்தான் அது திரும்பக் கிடைத்தது. நிலம் இன்றும் பொதுச்சொத்து. அதை விற்கவோ அடகு வைக்கவோ யாருக்கும் உரிமையில்லை. வங்கிக் கடன் கிடைக்காத இடர் இதில் இருக்கிறது என்று அங்குள்ளவர்களே சொல்கிறார்கள். ஆனால் கரையோர நிலங்கள் விடுதிகளுக்குப் போய்க்கொண்டிருக்கும் கரீபியனில் அந்தப் பொதுவுரிமைதான் 3,000 பேர் கொண்ட சமூகத்தைக் கலையாமல் வைத்திருக்கிறது. கரீபு என்ற பெயர் 2015இல் சட்டத்திலிருந்தும் நீங்கியது. 2023இல் சில்வானி பர்ட்டன் குடியரசுத் தலைவரானார்; அந்தப் பதவிக்கு வந்த முதல் கலினாகோவும் முதல் பெண்ணும் அவரே.

கலினாகோக்களின் கைத்தொழிலில் படகு முதன்மையானது. கொம்மியே மரத்தைக் காட்டிலேயே வெட்டிச் சாய்த்து உட்குடைவார்கள். பிறகு பலர் சேர்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வருவார்கள். குடைந்த மரத்தில் தண்ணீரும் கல்லும் நிரப்பி, பக்கத்தில் தீ மூட்டினால் சூட்டில் மரம் இளகி, கற்களின் பாரத்தில் இரு பக்கமும் விரியும். விரிந்த இடத்தில் குறுக்குச்சட்டம் அறைந்து, மேலே பலகை ஏற்றி விளிம்பை உயர்த்துவார்கள். லரூமா என்ற நாணலில் முடையும் கூடைகளும் புகழ்பெற்றவை: சேற்றில் புதைத்துக் கறுப்பாக்கிய நாரும் வெயிலில் உலர்த்திய பழுப்பு நாரும் கலந்து கோலம் போடுவார்கள். இரட்டைப் பின்னலுக்கு நடுவே அகன்ற இலைகளை வைத்து முடைந்த கூடைக்குள் மழைநீர் இறங்காது.

அலுவல் மொழி ஆங்கிலம் என்றாலும் ஊர்ப்புறத்தின் பேச்சு பிரெஞ்சுச் சொற்களால் ஆன க்வேயோல். வடகிழக்கில் வெஸ்லி, மேரிகாட் ஊர்களில் மட்டும் ஆண்டிகுவா பக்கத்திலிருந்து வந்த பண்ணைத் தொழிலாளரின் ஆங்கிலக் கலப்பு மொழி கொக்கோய் வழங்குகிறது. ஜிங் பிங் இசையில் அக்கார்டியன் முன்னிற்கும். மூங்கில் ஊதுகுழல் பூம்பூம், சுரண்டி ஒலிக்கும் சியாக், தோல்வாத்தியம் தன்பால் ஆகியவை உடன் சேரும். ஐரோப்பியப் பண்ணைமாளிகை நடனங்கள் இந்த இசையில் ஆப்பிரிக்க நடையைப் பெற்றன. 1970களில் கார்டன் ஹென்டர்சனின் எக்சைல் ஒன் குழு உருவாக்கிய கடான்ஸ்-லிப்சோ, பின்னாளில் பிரெஞ்சுத் தீவுகளில் பிறந்த சூக் இசைக்கு வழிவிட்டது. 1997 முதல் அக்டோபர் இறுதியில் உலகக் கிரியோல் இசைவிழா நடக்கிறது. அந்நாட்களில் பெண்கள் அணியும் வோப் த்வியேத் என்ற தேசிய உடையில், வெள்ளை மேற்சட்டைக்கு இணையாகத் தலையில் கட்டும் கட்டம் போட்ட துணிக்கு மெட்ராஸ் என்றே பெயர். சோழமண்டலக் கரைத் தறிகளில் நெய்த கைக்குட்டைத் துணி 18ஆம் நூற்றாண்டில் வணிகக் கப்பல்களில் ஏறி இந்தத் தீவுகளுக்கு வந்தது. அதை வாங்கித் தலையில் கட்டிக்கொண்டவர்கள் அடிமைப் பெண்களும் விடுதலை பெற்ற பெண்களும்.

பொருளாதாரம் காப்பியிலிருந்து கரும்புக்கும், பிறகு எலுமிச்சைக்கும் மாறியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எலுமிச்சைச்சாறு ஏற்றுமதியில் தீவு முன்னணியில் இருந்தது. பயிர்நோயும் புயலும் அதை வீழ்த்தின. 1950களிலிருந்து வாழை. வாரந்தோறும் கப்பல் வந்தது, சிறு விவசாயி கையில் முதன்முறையாக ஒழுங்காகப் பணம் புழங்கியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் சுவர் வைத்த வீடுகள் எழுந்ததும் அந்தப் பணத்தில்தான். 1997இல் உலக வணிக அமைப்பு ஐரோப்பிய வாழைச் சலுகையைச் செல்லாதென்று தீர்த்தபோது அந்த ஆதாரம் சரிந்தது. லத்தீன் அமெரிக்கப் பெருந்தோட்டங்களின் விலையோடு சரிவில் தலைச்சுமையாகக் குலை இறக்கும் விவசாயி எப்படிப் போட்டியிடுவான்?

1978 நவம்பர் 3 அன்று நாடு சுதந்திரம் பெற்றது. ஓராண்டு முடிவதற்குள், 1979 ஆகஸ்ட் 29இல் டேவிட் புயல் மக்களில் நான்கில் மூன்று பங்கினரின் கூரையைப் பறித்தது. அடுத்த ஆண்டு பிரதமரான யூஜீனியா சார்ல்ஸ் ஆங்கிலம் பேசும் கரீபியனின் முதல் பெண் பிரதமர். 1995 வரை ஆண்டார். 2015 ஆகஸ்டில் எரிக்கா புயலின் மழையில் மலை சரிந்து ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். பெத்தித் சவான் என்ற ஊரை முழுவதுமாகக் காலி செய்யவேண்டியதாயிற்று. 2017 செப்டம்பர் 18 இரவு மரியா புயல் மணிக்கு சுமார் 260 கிலோமீட்டர் வேகத்தில் தீவின் குறுக்கே போனது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் 65 பேர். இழப்பு, நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். விடிந்தபோது காட்டில் இலை என்பதே இல்லை. மலைகள் பச்சை இழந்து பழுப்பாக நின்றன. கரும்பை விரட்டிய அதே சரிவு, மழை கூடும் காலத்தில் மண்ணையும் மரத்தையும் ஊர்களின்மேல் தள்ளுகிறது.

காலநிலைத் தாக்குதலைத் தாங்கும் முதல் நாடாக டொமினிக்காவை ஆக்குவதென்று மரியாவுக்குப்பின் அரசு அறிவித்தது. வீடுகள் கான்கிரீட்டில் எழுகின்றன. லோதாவுக்கு அருகே புவிவெப்பத்தில் மின்சாரம் எடுக்கும் திட்டம் முன்னேறியிருக்கிறது. செலவின் பெரும்பகுதி, 1993இல் தொடங்கிய முதலீட்டுக் குடியுரிமைத் திட்டத்திலிருந்து வருகிறது: வெளிநாட்டுப் பணக்காரர்களுக்குக் கடவுச்சீட்டு விற்ற வருவாய். வாழைக்கு ஐரோப்பாவை நம்பியதைவிட இது உறுதியானது என்று சொல்வதற்கில்லை; பெரிய நாடுகள் விசா விதியை இறுக்கினால் ஒரே ஆண்டில் வற்றிப்போகும். 2023இல் பிரிட்டன் டொமினிக்கர்களுக்கு விசா கட்டாயம் என்று விதித்தது. கடவுச்சீட்டு விற்ற பணத்தில்தான் வெஸ்லி அருகே குன்றுகளை வெட்டிச் சமன்செய்து பன்னாட்டு விமானநிலையம் கட்டத் தொடங்கினார்கள். கொதிக்கும் ஏரிக்குக் கம்பிவட ஊர்தி அமைக்கும் வேலையும் நடந்துவந்தது.